காலைப் படகே போதும்

ஹவாயின் மாவி தீவில் இறங்கிய அன்றே தொடங்கிய குழப்பம்: மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மீன் பார்க்க நீந்தும் ஸ்நார்கலிங் போக எந்தப் படகு? மதியப் படகு விலை குறைவு, கை அங்கேதான் போனது. விடுதியில் ஒரு பெரியவர் தடுத்தார். "மதியம் காற்று ஏறிவிடும், கடல் கொந்தளிக்கும். காலையிலேயே போய் வந்துவிடுங்கள்."

அடுத்த கேள்வி, சின்னப் படகா பெரிய படகா? சின்னது சீக்கிரம் போகும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும். மனைவிக்கு அலை என்றாலே குமட்டும். அதனால் அதிகம் ஆடாத பெரிய கேட்டமரான். நம்ம 'கட்டுமரம்' என்ற சொல்தான் உருமாறி ஹவாய் வரை போயிருக்கிறது!

படகு போனது மொலோகினிக்கு. அது பாதி மூழ்கிய எரிமலை வாய். பிறை நிலா மாதிரி கடலில் கிடக்கிறது. 1977 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. பிறைக்குள் மீன்பிடிக்கத் தடை. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று முகத்துக்கு நேரே வந்து, என்னைச் சட்டையே செய்யாமல் கடந்து போனது. அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனை ஹவாயில் 2021 முதல் கடைகளில் விற்கக் கூடாது. ஊரிலிருந்தும் எடுத்துப் போகாதீர்கள். முழுக்கைச் சட்டை போதும்.