மூங்கில் பட்டறையில் கத்தியும் கூலியும்

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது என்னும் தாவரவியல் செய்தி, அதனைக் கொண்டு நாற்காலியும் கட்டிலும் செய்யும் பட்டறையில்தான் முழுப்பொருள் பெறுகிறது. மரம் ஆண்டுதோறும் பருத்து வளர்வது. மூங்கிலோ முளைவிடும்போதே தன் இறுதிப் பருமனுடன் எழுந்து, இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதற்குப்பின் மூன்று நான்கு ஆண்டுகள் கழியின் உள்ளே நார் இறுகி முதிர்வது மட்டுமே நிகழ்வதால், இளங்கழியும் முதிர்ந்த கழியும் பருமனால் வேறுபடுவதில்லை. உறைமடல் முழுவதும் உதிர்ந்து, மேற்பூச்சான வெண்மை மறைந்து, பாசிப்புள்ளிகள் படிந்து, தட்டினால் கணீரென ஒலிக்கும் கழியைத் தேர்ந்தெடுப்பதே இத்தொழிலின் முதல் அறிவு. இளங்கழியில் செய்த நாற்காலி காயக் காயச் சுருங்கி, மூட்டுகள் ஆட்டம் கொடுத்துவிடும்.

வயநாட்டின் திருக்கைப்பற்ற ஊரில் 1996 முதல் இயங்கிவரும் ‘உறவு’ போன்ற அமைப்புகளின் முயற்சியால், கூடையும் முறமும் முடைந்துவந்த கைகள் அறைகலன் செய்வதற்கும் பழகியுள்ளன. இத்தகைய பட்டறைகளில் இழைப்புளி, துளைக்கருவி, வாள் எனப் பல கருவிகள் இருப்பினும், தொழிலை ஆள்வது கனத்த வெட்டுக்கத்தி ஒன்றே ஆகும். கழியின் முனையில் கத்தியை வைத்து ஒரே அடியில் வாயைத் திறந்தபின், வெட்டும் வேலை முடிந்து பிளக்கும் வேலை தொடங்குகிறது. நார்கள் நீளவாக்கில் நேராக ஓடுவதால் பிளவு தானாகவே முன்னேறும். ஆனால் அது நடுவை விட்டு விலகி ஒரு பக்கம் மெலிந்துபோகத் தொடங்கினால், தொழிலாளி கத்தியை அசைப்பதில்லை. தடித்த பக்கத்தைச் சற்று அதிகமாக வளைக்கிறார், பிளவும் மீண்டும் நடுவுக்குத் திரும்புகிறது. பாதி, கால், அரைக்கால் எனச் சரிபாதியாகவே பிளந்து செல்வதற்கும் இதுவே காரணம்: இருபுறமும் கனம் ஒத்திருந்தால்தான் பிளவு நேராக ஓடும். ஒவ்வொரு கணுவிலும் நார்கள் பின்னிக்கொண்டிருப்பதால் அங்கு மட்டும் கத்திக்கு ஓர் அடி தேவைப்படுகிறது. பிளந்த பத்தையின் வெளிப்புறத்திலேயே நார் நெருக்கமாக இருக்கிறது. உட்புறத்துச் சோற்றுப் பகுதி வலுவற்றது என்பதால் சீவி நீக்கப்படுகிறது. தோலில் மணற்சத்து மிகுந்திருப்பதனால் கத்தியின் கூர் விரைவில் மழுங்கிவிட, சாணைக்கல் எப்போதும் கையெட்டும் தொலைவிலேயே கிடக்கிறது. பத்தையின் ஓரம் கத்திக்கு நிகரான கூர்மையுடையது. விரலில் துணியோ இரப்பர்த் துண்டோ சுற்றிக்கொண்டாலும் சிராய் ஏறாத கை இத்தொழிலில் இல்லை.

மூங்கிலின் பெரும்பகை அதனுள் இருக்கும் மாவுச்சத்து. அதனை நாடிவரும் சிறுவண்டு கழியைத் துளைத்து உள்ளிருந்தே உளுக்கச் செய்துவிடும். நாற்காலியின் கீழே மஞ்சள் தூள் உதிரும்போதுதான் வீட்டார் அதனை அறிகின்றனர். மழைக்காலத்தில் முளைவிடுவதற்காக மாவுச்சத்து செலவாகிக் குறைந்துவிடும் என்பதால், மழை ஓய்ந்தபின் வெட்டுவது முறை. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்னும் நம்பிக்கையும் பரவலாக உண்டு. எனினும் பருவத்தின் விளைவு உறுதிப்பட்ட அளவுக்குப் பிறையின் விளைவு உறுதிப்படவில்லை. வெட்டிய கழிகளைக் குளத்து நீரில் சில வாரங்கள் ஊறவிட்டு மாவுச்சத்தைக் கரைப்பது பழைய வழி. இன்றைய வழியில், கணுக்களின் உட்தடுப்பைத் துளையிட்டு, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் நிறைந்த தொட்டியில் கழிகளை மூழ்கவைக்கின்றனர். இம்மருந்து நீரில் கரைந்து வெளியேறக்கூடியது ஆதலால், மழையில் நனையும் பொருளுக்கு இது போதாது. ஊறிய கழிகள் நிழலில் நிறுத்தி உலர்த்தப்படுகின்றன. நேர்வெயிலில் இட்டால் வெடித்துவிடும். ஆணி அடித்தாலும் நார் வழியே விரிசல் ஓடும் என்பதால், முன்கூட்டியே துளையிட்டு மூங்கில் முளை செருகுவதும், மூட்டுக்கு அருகில் கணு அமையுமாறு கழியை அளந்து வெட்டுவதும் தேர்ந்த தொழிலாளியின் வழக்கம்.

இத்தனை அறிவுக்கு உரிய விலை ஒருபோதும் கிடைத்ததில்லை என்பதே வருந்தத்தக்கது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் மூங்கிலை மரமென வகைப்படுத்தியமையால், தன் நிலத்தில் வளர்ந்த கழியை வெட்டிக் கொண்டுசெல்வதற்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பின்னாளில், கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள மாவூரின் ரேயான் ஆலைக்குக் கேரள அரசு ஒரு டன் மூங்கிலை ஒரு ரூபாய்க்கு அளிக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. கூடை முடைவோரோ சந்தை விலையில் கழி வாங்கினர். கர்நாடகத்தில் கூடை முடைவோர் தம் மூங்கில் அழிவதாக முறையிட்டதை அடுத்து, 1970களில் சூழலியலாளர் மாதவ் காட்கில் காடுகளை ஆராய்ந்தார். அங்குக் காகித ஆலைக்காக வெட்டுவோர் வேலையை எளிதாக்க முள்மூங்கிலின் அடித்தூரைச் சுற்றிய முட்பின்னலை அகற்றிவிட, காவலிழந்த முளைகளைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டதை அவர் கண்டறிந்தார். முடைவோர் அந்த முள்ளைத் தொடுவதில்லை. காட்டை அழிப்போர் எனப் பழிக்கப்பட்டவர்களே தூரைக் காத்தவர்கள் என்பதை இந்த ஆய்வு தெளிவாக்கியது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்றது; இந்திய வனச்சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரத்தின் வரையறையிலிருந்து நீக்கியது. இவற்றால் நிலமுள்ள உழவர் பயனடைய வழி பிறந்தது. ஆனால் நிலமற்ற தொழிலாளி இன்னும் இடைத்தரகரிடமே கழி வாங்குகிறார், பல வேளைகளில் முன்பணமும் அவரிடமே பெற்று, முடித்த பொருளையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். மருந்தூட்டாத கழியில் செய்த பொருள் உளுத்துப்போனால், கெட்டபெயர் தரகருக்கு அன்றி, செய்தவருக்கே சேர்கிறது. ஒரு குடும்பம் தனக்கென மருந்துத் தொட்டி கட்ட இயலாது. பட்டறைகள் கூடியுள்ள ஊருக்கு ஒரு பொதுத்தொட்டியும், அதனருகே முதிர்ந்த கழி நியாய விலையில் கிடைக்கும் கிடங்கும் அமைந்தால், தரகரின் முன்பணத்தை மறுக்கும் வலு தொழிலாளிக்குக் கிடைக்கும்.