அழிக்காத 24

வெளிநாடு போய்வந்த ஆசிரியர்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். வந்து ஒரு மாதத்துக்கு "அங்கெல்லாம் பாருங்க சார்..." என்றுதான் வாயைத் திறப்பார்கள். அப்புறம் அதுவும் அடங்கிவிடும். ஸ்டாஃப் ரூம் பீரோ மேலே ஒரு பொம்மை மட்டும் மிஞ்சும். எங்கள் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத கணக்கு டீச்சருக்கு 12 நாள் ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தபோது, தலைமையாசிரியராக வாழ்த்துச் சொன்னேன். மனசுக்குள், இன்னொரு பொம்மை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண் நல்ல டீச்சர்தான். ஆனால் வேகம். போர்டில் கணக்கைப் போடும், விடை கேட்கும், தப்பாகச் சொன்ன பிள்ளையைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போகும், சரியான விடை வந்ததும் டஸ்டரை எடுக்கும். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 34 வருஷம் நான் செய்ததும் அதுவே. டஸ்டர் எட்டாவிட்டால் உள்ளங்கையால் அழிப்பேன்.

போன இடம் ஒசாகா பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு 45 நிமிஷம் ஒரு பாடம் நடத்த வேண்டும். புள்ளிக்கோலத்தை எடுத்துக்கொண்டது. நேர்ப்புள்ளி, 7 முதல் 1 வரை: நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1. எத்தனை புள்ளி என்று கேட்டு, வரிசையாகக் கூட்டி 25 என்று காட்டிவிட்டு, கோடு இழுக்கச் சொல்லித்தருவதாகத் திட்டம்.

முதல் நாள் சாயங்காலம் அந்த வகுப்பாசிரியர் பாடக்குறிப்பை வாங்கிப் பார்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "பிள்ளைகள் இதில் என்னென்ன தப்பு செய்வார்கள்?"

அங்கே பாடக்குறிப்பில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் எப்படியெல்லாம் யோசிப்பார்கள், எங்கே சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். எங்கள் குறிப்பேட்டில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. "பதில் சொல்லத் தெரியல சார். எம் பிள்ளைங்க எங்க தடுமாறுவாங்கன்னு நான் ஒரு தடவைகூட எழுதிப் பார்த்ததில்ல" என்றது, திரும்பி வந்த மறுநாள்.

பாடம் நடந்த விதத்தைக் கேளுங்கள். டீச்சர் கேள்வியை மட்டும் கேட்டது. பிள்ளைகள் பத்து நிமிஷம் தாளில் கிறுக்கினார்கள். வகுப்பாசிரியர் மேசை மேசையாக நடந்து பார்த்தார், யாரையும் திருத்தவில்லை. பின்னால் ஆறேழு ஆசிரியர்கள் நின்று, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார்கள். பிறகு மூன்று பேரைப் போர்டுக்கு அழைத்தார். முதல் பையனின் விடை 24. நம்ம டீச்சரின் கை தானாக டஸ்டரைத் தேடியதாம். அவரோ அதை அப்படியே எழுதவிட்டார். நாலு பக்கமும் ஆறாறு புள்ளிகளை வளைத்து வட்டம் போட்டிருந்தான் அவன். அடுத்தவள் வரிசையாகக் கூட்டி 25 என்றாள். மூன்றாவது பெண் தாளைச் சாய்த்துப் பிடித்தாள். சாய்வாகப் பார்த்தால் நாலுக்கு நாலாக ஒரு சதுரம், அதன் இடுக்குகளில் மூன்றுக்கு மூன்றாக இன்னொன்று. 16ம் 9ம் 25. வருஷா வருஷம் மார்கழியில் போட்ட கோலத்துக்குள் இரண்டு சதுரம் உட்கார்ந்திருப்பது டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. (எனக்கு, அது சொன்ன பிறகு. வீட்டு வாசலில் புள்ளி வைத்துச் சரிபார்த்தேன். என் மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.)

அப்புறம் வகுப்பே 24ஐப் பிடித்துக்கொண்டது. வட்டமெல்லாம் சரி, நடுப்புள்ளிதான் எதிலும் சேரவில்லை என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். நாலாறு 24, கூட ஒன்று. மூன்று வழிகளில் அதுதான் அழகு என்பது என் கட்சி. பல விடைகளையும் இப்படிச் சேர்த்துப் பிசைவதற்கு அங்கே 'நெரியாகே' என்று பெயர். மாவு பிசைவதற்கான சொல்லிலிருந்து வந்தது. பாடம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்படி, அழிக்காமல் எழுதும் போர்டு வேலைக்கு 'பன்ஷோ'. மணி அடித்தபோது 24 போர்டிலேயே இருந்தது. கோடு இழுக்க நேரமே இல்லை.

டீச்சர் திரும்பி வந்த இரண்டாம் வாரம் அதன் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால்? ஐந்தில் இரண்டு என்றான் ஒரு பையன். சிரிப்பு. டீச்சர் அதைப் போர்டில் எழுதிவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டது. "ரெண்டு பந்துல ஒண்ணு அடிச்சேன், மூணு பந்துல ஒண்ணு அடிச்சேன். மொத்தம் அஞ்சு பந்துல ரெண்டுதானே டீச்சர்?" நான் அசந்துபோனேன். இந்தத் தப்பைச் சிவப்பு மையால் எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன்! ஏன் என்று ஒருவனைக்கூடக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "அரை முட்டைக்கு மேல இன்னும் கொஞ்சம் குடுத்தா, அரையவிடக் கம்மியா எப்படி டீச்சர் ஆகும்?" அதற்குப் பிறகு பாடம் தானாக நடந்தது.

எல்லாம் பலித்துவிடவில்லை. அங்கே பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைப்பார்கள் என்று இங்கேயும் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் விளக்குமாறு யார் கைக்குப் போகும் என்பது முன்பே எழுதி வைத்த விஷயம் என்று எச்சரித்தேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை போட்டு, முதல் நாள் தானே பெருக்கியது. இரண்டு பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாதத்தில் நின்றுபோனது.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "ஜப்பான்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?" என்றார். எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல்லைப் பற்றிச் சொன்னேன். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தியவர் அவர். அங்கே சட்டாம்பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திய ஏற்பாட்டைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் 1797ல் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். அவர்கள் வெட்கப்படவில்லையே?

இப்போது அரசே ஆசிரியர்களை அனுப்புகிறது. 2024 அக்டோபரில் கனவு ஆசிரியர் விருது பெற்ற 55 பேர் பிரான்ஸ் போய்வந்தார்கள். இனிப் போகிறவர்களிடம் ஓய்வுபெற்ற கிழவனாக ஒன்று கேட்கிறேன். திரும்பி வந்ததும் பிரேயரில் அனுபவம் பேச வேண்டாம். ஒரு பீரியட், பக்கத்து வகுப்பு ஆசிரியரை உங்கள் கடைசி பெஞ்சில் உட்கார விடுங்கள்.