தாத்தாவின் வால்வு

பொன்மலைப் பட்டறையில் சாயங்காலச் சங்கு ஊதினால் அப்பா வீடு வந்து சேர எப்படியும் அரைமணி ஆகும். அந்த அரைமணிக்குள் நான் போர்மேன் அங்கிள் வீட்டில் இருப்பேன். 1979, எனக்கு ஒன்பது வயது. அங்கிள் ரிட்டயராகி, ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கல்கண்டார்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்திருந்தார். ஆங்கிலோ-இந்தியர். எங்களைப் போலவேதான் தமிழ் பேசுவார், கூடவே ஒரு 'மேன்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

முன்னறையில் ஆன்டியின் தையல் மெஷினை ஒட்டி ஒரு தேக்குப் பெட்டி. முகப்பில் சோபாத் துணி, அதற்குள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். அங்கிளின் கிதார் அதில்தான் பாடும். 1960இல் இங்கிலாந்தின் 'ஷாடோஸ்' குழுவின் 'அப்பாச்சி' இசைத்தட்டு வந்தபோது அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதாம். அவர்கள் வாசித்தது வாக்ஸ் ஆம்ப்ளிஃபையரில். சீமைச் சரக்கை வாங்க அன்றைய ரயில்வேச் சம்பளத்தில் வழி ஏது? ரேடியோ ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து, அதில் இருக்கும் அதே இ.எல்.84 வால்வு இரண்டைப் போட்டு, 15 வாட்டுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டார். கிறிஸ்துமஸ், புதுவருஷ டான்ஸ்களில் எத்தனையோ ஜோடிகள் அதன் முன்னால் ஆடியிருக்கிறார்கள்.

கேட்க வருகிறவர்கள் பெட்டிக்கு முன்னால் உட்காருவார்கள். நான் பின்னால். பின்பக்கம் பலகை கிடையாது, எல்லாம் திறந்தபடி தெரியும். ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது. நான் பறப்பேன். "பொறு மேன், தூங்கி எந்திரிக்கட்டும்" என்பார். வால்வின் நடுத்தண்டின் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு சிவப்பு பிறக்கும். அது செம்மஞ்சளாகிப் பழுக்கும்போது ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இரைச்சல் எழும். சூடேறிய தூசி வாசனை, டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் வாசனை, தேக்கு வாசனை மூன்றும் கலந்து முகத்தில் அடிக்கும். இன்றைக்கும் எனக்கு இசை என்றால் முதலில் அந்த வாசனைதான்.

உள்ளே 300 வோல்ட் ஓடுகிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் கன்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும் என்று தினமும் எச்சரிப்பார். கையை விட மாட்டேன். ஆனால் ஒரு மே மாதம், பானைத் தண்ணீர் குடித்துவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்து குனிந்தேன். ஒரு சொட்டு கொதிக்கும் வால்வின் மேல் விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வால்வின் உச்சியில், கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கும். உள்ளே மிஞ்சுகிற துளிக் காற்றையும் உறிஞ்சிக்கொள்கிற பேரியப் பூச்சு அது. கண்ணாடி விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்ததும் அந்த வெள்ளி என் கண் முன்னாலேயே பால் போல வெளுத்தது.

அங்கிள் அணைத்துவிட்டு ஓடி வந்தார். "கையைக் காட்டு மேன்." இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வைப் பிறகுதான் பார்த்தார். அவர் திட்டவில்லை, அதனாலேயே எனக்கு அழுகை நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் வால்வு ரேடியோ இருந்தது. அவர் இருந்தவரை அதில் சிலோன் கேட்பார். அவர் போனபின், டிரான்சிஸ்டரும் வந்துவிட, அதன் மேல் ஒரு துணி போட்டு மூடிவிட்டோம். அப்பா அன்று ராத்திரி அதன் முதுகைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். அதே இ.எல்.84. எடுக்கலாமா என்று பாட்டியிடம் கேட்க அவருக்கே நா எழவில்லை. பாட்டிதான், "அது வாயைத் திறந்து எத்தனை வருஷமாச்சு. அங்கயாவது போய்ப் பேசட்டும், எடுடா" என்றாள்.

அந்த வால்வு உட்கார்ந்ததும் சத்தம் வந்தது. ஆனால் இரைச்சல் முன்னைவிடக் கூடுதல். இரண்டு வால்வும் ஒரே பலத்தில் இழுத்தால்தான் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். தாத்தாவுடையது உழைத்துக் களைத்தது. அங்கிள் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "இருக்கட்டும் மேன்" என்றார்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரு முழுக்க விளக்கேற்றினால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். குண்டு பல்பு மங்கும், மின்விசிறி சோரும். அங்கிள் அதற்காகவே காத்திருப்பார். வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ளிஃபையரின் குரல் இளகிவிடும், சுரத்தின் ஓரத்தில் லேசாக ஒரு கரகரப்பு சேரும். மெதுவான பாட்டுகளை அந்த நேரத்தில்தான் வாசிப்பார். ஒருநாள் கிதாரை என் மடியில் வைத்தார். நான் தந்தியைப் பலமாக இழுத்தேன், பெட்டி உறுமியது. என் விரலைப் பிடித்து அதே தந்தியை மெல்ல வருடச் செய்தார். குமிழைத் தொடவே இல்லை, சத்தம் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது. டிரான்சிஸ்டர் தன் எல்லை வந்ததும் சட்டென்று வெட்டும். வால்வு எல்லையை நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். பின்னாளில் எத்தனையோ ஆம்ப்ளிஃபையர்களில் வாசித்தேன். இந்த அளவுக்கு விரலின் பேச்சைக் கேட்கிற ஒன்றை நான் பார்க்கவில்லை.

1984இல் அங்கிளும் ஆன்டியும் மகனோடு பெர்த்துக்குப் போனார்கள். கிதார் கூடப் போனது. பெட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, "வாரம் ஒரு தடவையாவது போடு மேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டேன். செருக என்னிடம் கிதார்கூட இல்லை. வால்வு பழுத்தது, இரைச்சல் எழுந்து கூடத்தில் நின்றது. அடுக்களையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்:

"யாருடா அது, சிலோன் போட்டது?"