நடுவில் ஒரு வளையம்

தந்தையார் 1994ஆம் ஆண்டில் வாங்கிய காரை நான் இன்றும் ஓட்டி வருகிறேன். அண்மையில் ஒரு நாள் காலை அதை முடுக்கியபோது பெல்ட் கிறீச்சிட்டது. பெல்ட்டை மாற்றினேன், ஓசை நிற்கவில்லை. பேட்டரி விளக்கும் அவ்வப்போது மினுக்கியது. கிராங்க்சாஃப்ட் புல்லியின் உட்பகுதியிலிருந்து வெளிவளையம் வரை சுண்ணக்கட்டியால் நேர்கோடு ஒன்று இழுத்தேன். இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தபோது, கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. குறை விளங்கிவிட்டது.

இந்தப் புல்லி ஒரே இரும்பால் ஆனதன்று. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டிற்கும் நடுவே இறுக ஒட்டிய ரப்பர். நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது 6,000 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் சுழல்தண்டை நூலிழையளவு முறுக்கி விடுகிறது. அந்த நடுக்கத்தை ரப்பர் தன்னுள் வாங்கி வெப்பமாக்கிக் கரைத்துவிடுகிறது. அது இல்லையேல் நாளடைவில் இரும்புத் தண்டே முறியக்கூடும். ஆண்டுக்கணக்கில் வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு ரப்பர் இறுகி வெடித்தால், வெளிவளையம் நழுவும். அது இழுத்துச் சுழற்றும் பெல்ட்டும் ஆல்டர்நேட்டரும் தடுமாறும்.

புதிய புல்லியை வாங்கிவந்து, கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, ஒரு சக்கரத்தையும் பெல்ட்டுகளையும் அகற்றினேன். ஆனால் நடுப்போல்ட்டு இளகவில்லை. தண்டும் சேர்ந்தே சுழன்றது. கியரைப் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கழற்ற வேண்டும்.

வாசலில் அமர்ந்திருந்த அம்மா, "அண்ணனைக் கூப்பிடேன்" என்றார். வீட்டுப் பங்கு பற்றிய தகராறில் நானும் அண்ணனும் பேசி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நான் மறுமொழி கூறவில்லை. அம்மாவே தொலைபேசியில் அழைத்தார். அடுத்த தாமானிலிருந்து அண்ணன் வந்தார். ஒரு சொல்லும் பேசாமல் பிரேக்கை மிதித்தார். மூன்றாம் முயற்சியில் போல்ட்டு இளகியது.

பழைய புல்லியை அம்மாவிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய விரல்கள் அந்தக் கறுத்த பிளவைத் தடவின. இத்தகைய வளையங்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை. எனினும் அந்த விரல்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

"ரெண்டு இரும்புக்கு நடுவுல எத்தன வருசந்தான் தாங்கும்?" என்றார்.

அண்ணன் தலைகுனிந்தார், நானுந்தான். "தம்பி உன்னை விசாரித்தான்" என்று அவரிடமும், "அண்ணன் உன்னைக் கேட்டான்" என்று என்னிடமும், நாங்கள் கேளாத நலத்தையெல்லாம் கேட்டதாகச் சொல்லி வந்தவர் அம்மா. எங்கள் சினச்சொற்களில் ஒன்றுகூட அவரைத் தாண்டிச் சென்றதில்லை. அவையெல்லாம் எங்கே தங்கின என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததுமில்லை.

புதிய புல்லியைச் சாவிப்பள்ளத்தில் சரியாகப் பொருத்தி, குறித்த அளவுக்குப் போல்ட்டை முறுக்கினோம். இயந்திரம் கிறீச்சொலியின்றி ஓடியது. புல்லிக்கு மாற்று கடையில் கிடைத்துவிட்டது.

"அண்ணே, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். மூன்றாண்டுகளில் அம்மா வழியாக அன்றி, அவரிடம் நானே நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.