“துணி பழுத்துப் போச்சேய்யா!”

நண்பர்களே, வன்னியம்பட்டி விலக்கில் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேற்கே பார்த்திருக்கிறீர்களா? மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரம். ரோட்டுப் புழுதி, லாரிப் புகை, டீக்கடை ஆவி எல்லாம் சேர்ந்து ஒரு நிறம் வரும். மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. அதை போனில் எடுத்தால் மட்டும் வெறும் சாம்பலாக வந்து நிற்கும். அந்தக் கடுப்பில்தான் ‘கிராஸ் ப்ராசஸ்’ என்ற விவகாரத்தில் நான் தலையைக் கொடுத்தேன்.

பெயர் புதுசாக இருந்தாலும் அந்தக் கலர் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2010ல் இன்ஸ்டாகிராம் வந்த புதிதில் அதில் ‘எக்ஸ்-ப்ரோ’ என்று ஒரு பில்டர் இருந்தது. ஓரமெல்லாம் இருட்டி, கான்ட்ராஸ்ட் ஏறி, கலரெல்லாம் ஒரு மாதிரி திரிந்து போய்த் தெரியுமே, அதுதான். ஆனால் அது பில்டராகப் பிறந்ததல்ல. தப்பாகப் பிறந்தது!

பிலிம் காலத்தில் கலர் பிலிம் பெரும்பாலும் இரண்டு வகை. கல்யாண வீட்டு ஆல்பத்துக்கெல்லாம் போட்டது நெகட்டிவ். அதைக் கழுவுகிற முறைக்கு சி-41 என்று பெயர். 38 டிகிரி சூட்டில் டெவலப்பரில் 3 நிமிஷம் 15 விநாடி, அப்புறம் பிளீச், அப்புறம் பிக்ஸர். இன்னொன்று ஸ்லைடு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் நேராகத் தெரியும். அதற்கு இ-6 என்ற வேறு மருந்து. இந்த ஸ்லைடைக் கொண்டுபோய் அந்த சி-41 தொட்டியில் முக்கினால்? அதுதான் கிராஸ் ப்ராசஸ்.

ஸ்லைடு பிலிமுக்கு இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் அதிகம். அதில் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்துக்குத் தனித்தனியாக அடுக்குகள் உண்டு. பழக்கமில்லாத மருந்தில் விழுந்ததும் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். போதாக்குறைக்கு, நெகட்டிவில் இருக்கிற ஆரஞ்சுச் சாயம் ஸ்லைடில் கிடையாது. அந்த ஆரஞ்சை எதிர்பார்த்து செட் பண்ணிய பிரிண்டிங் மெஷின் பாவம் என்ன செய்யும்? பிலிமுக்கு பிலிம், லேபுக்கு லேப் வேறு வேறு கலர்.

எல்லா ஸ்லைடும் இதற்கு மசியாது. நம் நாட்டுத் தெருவைக் கலரில் எடுத்துப் பெயர் வாங்கிய ரகுபீர் சிங் (1942-1999) பயன்படுத்திய கோடாக்ரோமில், சாயம் உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்காது. கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அதை சி-41ல் போட்டால் கலரே வராது. அதைக் கழுவிய கடைசி லேபும் அமெரிக்காவில் 2010 டிசம்பரோடு நிறுத்திவிட்டது.

பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் இந்த எபெக்ட் பற்றி ஆர்வமாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எபெக்டா? எங்க காலத்துல அதுக்குப் பேரு தப்பு தம்பி. பார்ட்டிக்கு யாரு பதில் சொல்றது?” என்றார். அவருக்கு நஷ்டம், எனக்கு ஸ்டைல்!

சரி, டிஜிட்டலில் இதை எப்படிக் கொண்டு வருவது? இது நம்ம டிபார்ட்மென்ட் சமாசாரம்தான். கிம்ப், ஸ்னாப்சீட் எதிலும் ‘கர்வ்’ என்று ஒன்று இருக்கும். எக்ஸ் அச்சில் கேமரா கொடுத்த வெளிச்சம், ஒய் அச்சில் நாம் கேட்கிற வெளிச்சம். 45 டிகிரி நேர்கோடு என்றால் படம் வந்தபடியே இருக்கும். சிவப்பை மட்டும் தனியாக எடுத்து நன்றாக ‘எஸ்’ மாதிரி வளைக்க வேண்டும். பச்சையைக் கொஞ்சமாக. நீலத்தை மட்டும் தலைகீழாக: அடியில் தூக்கி, உச்சியில் அமுக்க வேண்டும். அப்போது நிழலெல்லாம் நீலம் ஏறும், வெளிச்சமான இடத்தில் நீலம் குறைந்து மஞ்சள் விழும். ஆம்ப்ளிபையர் லேபில் இன்புட்டைக் கூட்டிக்கொண்டே போனால் சைன் வேவின் மண்டை தட்டையாகுமே, அதே கதைதான். அங்கே ரெக்கார்டில் ‘டிஸ்டார்ஷன்’ என்று எழுதுகிறோம், இங்கே லைக் வாங்குகிறோம்.

ஒரு எச்சரிக்கை. ஜேபெக் படத்தில் ஒரு கலருக்கு 256 படிதான். ரொம்ப வளைத்தால் வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக உடையும். போனில் ‘ரா’ எடுக்க வசதி இருந்தால் அதில் எடுங்கள்.

இதில் கரைகண்ட மிதப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டிக்குப் போனேன். நம்மில் பலருக்கு அது பேண்டேஜ் துணி ஊர் என்று தெரியும். தறியில் வந்த காடாத் துணியைக் காரம் போட்டு அவித்து, வெளுத்து, அலசி, வெட்டவெளியில் காயப்போடுவார்கள். களம் முழுக்க வெள்ளை வெள்ளையாக நீளம் நீளமாகத் தொங்கும். காற்றடித்தால் மொத்தக் களமும் நகருகிற மாதிரி இருக்கும். பின்னால் மலை. நடுவில் ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், துணியை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். “ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமாம்மா?” என்றேன். “என்னைய எடுத்து என்னய்யா செய்யப்போற?” என்று சிரித்தார். எடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அன்று ராத்திரியே கர்வை வளைத்தேன். மலை கரும்பச்சையாக, நிழலில் நீலம் ஓடி, அடடா! வெள்ளைத் துணியெல்லாம் பழைய காலண்டர் படம் மாதிரி மஞ்சள் பச்சையில் மின்னியது. ஸ்டேட்டஸ் போட்டேன். ஹாஸ்டலே பாராட்டியது. அடுத்த வாரம் பிரிண்டோடு போனேன்.

உள்ளுக்குள் ஒரே ஒரு பயம்தான். முகமும் கொஞ்சம் பச்சையடித்து, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்தது. அதற்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தேன். அந்தம்மா படத்தை வாங்கி, வெயிலுக்கு மறைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

“துணி பழுத்துப் போச்சேய்யா!”

எனக்குப் புரியவில்லை. “இது ஒரு எபெக்டும்மா. மூஞ்சிதான் கொஞ்சம்...” என்று இழுத்தேன்.

“மூஞ்சியில என்னய்யா கெடக்கு? துணியப் பாரு. நாங்க இப்பிடியா வெளுத்தோம்? காயத்துல போடுற துணி. வேட்டிக்கு முக்குற மாதிரி நீலமும் இதுக்கு முக்கக்கூடாது. துணி வெளுப்பு தானா நிக்கணும். இத எங்க கணக்குப்பிள்ளை பாத்தாருன்னா சரியா அலசலைன்னு எங்களத்தான் சொல்லுவாரு. வேற யாருக்கும் காட்டுனியா?”

ஸ்டேட்டஸ் போட்டதை எப்படிச் சொல்வது? சொன்னேன். ஒன்றும் பேசவில்லை அவர். பக்கத்தில் தொங்கிய துணியின் ஓரத்தைப் பிடித்து என் கையில் கொடுத்து, “பாரு” என்றார். பார்த்தேன். வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை. மிச்சக் காரம் போக அலசி அலசி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போன கை அவருக்கு. அந்தக் கை என் படத்தில் எங்கே இருக்கிறது? நிழலில் நீலமாகிக் கிடக்கிறது.

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகவே போய்விட்டது. ஆனால் அதை இறக்கி குரூப்பில் போட்ட நண்பர்களிடம் ஒவ்வொருத்தராகப் போய் அழிக்கச் சொன்னேன். “ஓவரா பண்ணாதடா” என்றான் ஒருத்தன்.

(ஒரு விஷயம் படித்தேன். பிலிமுக்கு இந்த வளைகோட்டை அளந்து வரைந்து 1890ல் வெளியிட்டவர்கள் ஹர்ட்டர், ட்ரிபீல்ட் என்ற இருவர். ஒருவர் கெமிஸ்ட், மற்றவர் எஞ்சினியர். இருவரும் இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊர்க் கெமிக்கல் ஆலையில் வேலை பார்த்தவர்கள். துணி வெளுக்கும் பிளீச்சிங் பவுடருக்குக் குளோரின் எடுக்கும் முறையை உருவாக்கியது அவர்கள் முதலாளிமாரில் ஒருவரான டீக்கன்! இதை அந்தம்மாவிடம் சொல்லவில்லை. அடி விழுந்திருக்கும்.)

மறு வாரம் கர்வ் எதுவும் தொடாத படத்தைக் கொண்டுபோனேன். துணி வெள்ளையாக, மலை சாம்பலாக, எல்லாம் உள்ளது உள்ளபடி. “இது சரி” என்று வாங்கிக்கொண்டார். இடுப்பில் செருகப் போனவர் நின்று மறுபடி பார்த்தார்.

“ஆனா அந்த மலை அதுல நல்லாருந்துச்சேய்யா. மழை பெஞ்ச மாதிரி பச்சையா. துணிய வெள்ளையா விட்டுட்டு மலைய மட்டும் அப்பிடிப் போட முடியாதா?”

முடியும்மா என்று சொல்லிவிட்டேன். மாஸ்க் போட்டு, துணிக்கு ஒரு கர்வ், மலைக்கு ஒரு கர்வ். சுலபம் என்றுதான் நினைத்தேன். மூன்று ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன். பேண்டேஜ் துணி சல்லடை மாதிரி. ஓரத்தை வெட்டலாம் என்று பெரிதாக்கிப் பார்த்தால் இழைக்கும் இழைக்கும் நடுவில் மலை தெரிகிறது. அதைப் பச்சையாக்கினால் துணியில் பச்சை ஏறுகிறது. வெள்ளையாக்கினால் மலையில் ஓட்டை விழுகிறது. இந்த மலர் அச்சுக்குப் போகிற வரைக்கும் படம் முடியவில்லை. அந்தம்மாவுக்கு ஒரு பிரிண்ட் பாக்கி இருக்கிறது.