இயந்திரமும் எண்ணெயும்

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்த என் தந்தையாரிடம் சொந்தமாக நீரிறைக்கும் இயந்திரம் இருக்கவில்லை. மாரி ஓயுமுன்னரே அயலவர் ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, கோடையில் கேட்ட நாளில் இயந்திரம் எமது கிணற்றடிக்கு வரவேண்டும் என்று பேசிக்கொள்வார். இறைத்த நாளுக்குரிய கூலி வேறு. காலந்தப்பிய மழையால் இயந்திரத்துக்கு வேலையே இல்லாத ஆண்டிலும் முதலிற் கொடுத்த தொகை திரும்பி வராது. அது வீண்செலவு என்று சிறுவனாகிய நான் வாதிட்டேன். "தம்பி, அது தண்ணிக்குக் குடுத்த காசில்லை, நிம்மதியாய் நித்திரை கொள்ளக் குடுத்த காசு" என்றார் அவர்.

பின்னாளில் பொருளியல் பயின்றபோது அதே ஏற்பாட்டை மின்சார ஒப்பந்தங்களிற் கண்டேன். எமது நீர்மின் உற்பத்தி மழையை நம்பியது. மின்தேவையோ மணிக்கு மணி மாறுவது. 1996ஆம் ஆண்டு வறட்சியில் நாடு நீண்ட மின்வெட்டுக்கு உள்ளானது. அதன்பின் பெருகிய தனியார் அனல்மின் நிலையங்களிடமிருந்து மின்சார சபை இருவகைக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கியது. நிலையம் ஆயத்தமாக நிற்பதற்கு இயலளவுக் கட்டணம். பெற்ற ஒவ்வோர் அலகுக்கும் சக்திக் கட்டணம். நீர்த்தேக்கங்கள் நிரம்பிய காலத்தில் முதலாவது கட்டணம் பலருக்குக் கொள்ளையாகவே தோன்றியது. ஆயின் பெற்ற அலகுக்கு மட்டுமே விலை என்றால், மழை பெய்யும் ஆண்டின் நட்டம் முழுவதும் முதலீட்டாளன் தலையில் விழும். அவன் விலையை உயர்த்துவான். அன்றேல் நிலையத்தைக் கட்டவே மாட்டான். ஒப்பந்தம் நிச்சயமின்மையை ஒழிப்பதில்லை. அதைச் சுமக்கும் தோளையே தீர்மானிக்கிறது.

தந்தையாரின் ஏற்பாட்டிலும் ஒரு குறை இருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. பேசியபடி இயந்திரம் கிணற்றடிக்கு வந்தது. ஊற்றுவதற்கு எண்ணெய் இல்லை. வெங்காயத் தாள்கள் எம் கண்முன்னே கருகின. அயலவர் சொல் தவறவில்லை. எண்ணெயைப் பற்றி எவரும் பேசியிருக்கவில்லை என்பதே உண்மை.

2022 மார்ச் 31இல் நாட்டில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது அந்தக் கிணற்றடியே என் நினைவில் நின்றது. நீர்த்தேக்கங்கள் தாழ்ந்திருந்தன. அனல்மின் நிலையங்கள் இருந்தன. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இருக்கவில்லை. மழை பொய்க்கும் என்று அஞ்சி வகுத்த காப்பு, செலாவணி பொய்த்தபோது கைகொடுக்கவில்லை.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளுக்குப் பிரித்தளிக்க வழிவகுத்தது. வாங்குவோரும் விற்போரும் எவராயினும், ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: ஒன்று தவறும்போது மற்றதும் அதே காரணத்தால் தவறுமா? காற்றும் வெயிலும் நிச்சயமற்றவையே. ஆயினும் அவை தவறுவதற்குச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாவதில்லை.

அடுத்த போகத்துக்கும் தந்தையார் இயந்திரத்துக்கு முற்பணம் கொடுத்தார். ஆனால் அதற்குமுன், நெடுநாள் கைவிட்டிருந்த துலாவைச் சீர்செய்துவிட்டே கொடுத்தார்.