பிறை தெரிந்தால் கடல் தெரியும்



உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பிறைத் தேதியும் அதில் இருக்கும். நோன்பு என்று தொடங்கும், பெருநாள் என்று வரும் என்று அறிவதற்கே பெரும்பாலும் அந்தச் சிறிய எண்ணை நாம் தேடுகிறோம். கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அதே எண் கடலின் நேரசூசியாகவும் இருந்தது என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள்கூட அதை வாசித்தார்கள். அந்த வாசிப்பு நமது வீடுகளில் இருந்து மெல்ல மறைந்து வருகிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாண நகரின் சோனகத் தெருப் பகுதியில். எங்கள் குடியிருப்பை அடுத்தாற்போல் நாவாந்துறை. நம்மவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள், தையற்காரர்கள், இரும்புக் கடைக்காரர்கள். நாவாந்துறையில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கடற்றொழில் செய்தார்கள். அவர்கள் பிடித்த மீன்தான் எங்கள் சட்டிக்கு வரும். நாங்கள் கடலில் இறங்காதவர்கள். ஆனாலும் கடலை அறிந்தவர்கள் எங்கள் வீடுகளில் இருந்தார்கள். ஆண்களைச் சொல்லவில்லை, அடுப்படியில் இருந்த பெண்களைச் சொல்கிறேன்.

எனது உம்மும்மா அப்படி ஒருவர். மீன்காரர் சைக்கிளில் வந்து படலையடியில் மணி அடித்ததும், பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் முன்பே பிறையைக் கணக்குப் பண்ணிவிடுவார். ஒருநாள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இன்றைக்குப் பிறை ஒன்பது. தண்ணி செத்துக் கிடக்கிற நாள். இவ்வளவு ஓராவும் திரளியும் எங்கால? நேற்றையானோ?” என்று கேட்டார். மீன்காரர் சிரித்துக்கொண்டே, “உங்களை ஏமாத்த ஏலாது உம்மா” என்று விலையைக் குறைத்தார். பறுவ காலத்து நண்டில் சதை குறைவு, அமாவாசையை ஒட்டிப் பிடிபடும் நண்டு நிறைவாக இருக்கும் என்பதும் எங்கள் பெண்கள் சொல்லும் பாடம்.

உம்மும்மாவின் கணக்கு என்ன? அது மிகவும் எளிது. கடல் ஒரு நாளில் இருமுறை ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. இதைத்தான் பாடப் புத்தகம் வற்றுப்பெருக்கு என்கிறது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் நிரம்பினால், நாளை ஏறக்குறைய நான்கு ஐம்பதுக்கு நிரம்பும். இப்படி நாளுக்கு 50 நிமிடமாகத் தள்ளிப்போய், ஏழாம் நாள் பெருக்கு இரவு பத்து மணியளவில் வரும். முந்திய வாரம் நிரம்பிக் கிடந்த அதே மாலை நான்கு மணிக்கு இப்போது கரை வற்றிக் கிடக்கும். பதினைந்து நாளில் கணக்கு ஒரு சுற்றுச் சுற்றி ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்பிவிடும்.

நேரம் இப்படி நகர்வது போலவே ஏற்றத்தின் அளவும் மாறும். அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே வரிசைக்கு வருவதால் இழுவை கூடுகிறது. அதன் பலன் ஓரிரு நாள் பிந்திக் கரையில் தெரியும். நமது பிறைக் கணக்கில் சொன்னால் பிறை 1 முதல் 3 வரையும், 15 முதல் 17 வரையும் பெரிய ஏற்றம், பெரிய வற்று. பிறை 8 முதல் 10 வரையும், 22 முதல் 24 வரையும் தண்ணீர் அதிகம் அசையாது. உம்மும்மா “செத்துக் கிடக்கிற நாள்” என்றது இதைத்தான்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழமற்றது. பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடந்தே போகலாம். இலங்கைக் கரையில் பெரிய ஏற்ற நாளில்கூட வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர் உயரம் இராது. ஜப்பானில் அரியாகே என்றொரு உள்கடல் உண்டு. அங்கே கடல் 6 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கனடாவின் பண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை. அவற்றோடு பார்த்தால் நம்முடையது ஒரு சாண், இரு சாண் கணக்கு. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அந்தச் சாண் கணக்கே வெகுதூரம் கரையைத் திறந்து மூடுகிறது. நாவாந்துறை, குருநகர், பாசையூர்ப் பக்கத்தில் தடிகளை நட்டுக் கட்டும் சிறகு வலை இதை நம்பியே நிற்கிறது. தண்ணீரோடு வரும் மீனும் இறாலும் சிறகு வழியே போய்க் கூட்டுக்குள் அகப்படும். தண்ணீர் ஓடவில்லை என்றால் கூடு வெறுமைதான்.

1990 அக்டோபர் 30ஆம் நாள், எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். வடக்கு முழுவதிலும் இருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்பர். நகையும் பணமும் வீடும் போன கதையை நமது எழுத்தாளர்கள் பலரும் எழுதிவிட்டார்கள். எழுதப்படாத ஓர் இழப்பும் உண்டு. அது உம்மும்மாவின் கணக்கு.

நாங்கள் புத்தளத்தில் களப்போரம் ஓலைக் குடிசையில் குடியேறினோம். அங்கேயும் தண்ணீர், அங்கேயும் மீன். உம்மும்மா வழக்கம் போலப் பிறையை எண்ணினார். பெரிய ஏற்ற நாள் எது, செத்த நாள் எது என்பது சரியாகவே வந்தது. நேரம் மட்டும் பொருந்தவில்லை. புத்தளம் களப்பின் வாய் வடக்கே கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கிறது. வெளிக்கடல் ஏறிய செய்தி உள்ளே வந்து சேர நேரம் பிடிக்கும். வரும்போது அது தேய்ந்தும் போயிருக்கும். உம்மும்மா என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் அவ்வூர் ராத்தாமாரிடம் கேட்டார். அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் புத்தளத்து மீன்காரரிடமும் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்!

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பிறை எங்கும் ஒன்று. அதை அகதி தன்னோடு எடுத்துச் செல்லலாம். எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் பறிக்க முடியாது. நேரமோ அந்தந்தக் கரைக்குச் சொந்தமானது. அதை அந்த ஊராரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். ஒன்று நம்மிடம் இருக்கிறது, மற்றது அயலாரிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

பின்னர் அரபுக் கல்லூரியில் ஓதும்போது இந்தக் கணக்கு எனக்கு வேறு வடிவில் வந்து சேர்ந்தது. குர்ஆன் ஓதப் பழகிய நீங்கள் எல்லோரும் ‘மத்து’ என்ற சொல்லை அறிவீர்கள். எழுத்தை நீட்டி ஓதுவது மத்து. கடல் நீண்டு கரைமேல் ஏறுவதற்கும் அரபியில் அதே சொல்தான். அது பின்வாங்குவது ‘ஜஸ்ர்’. தீவை ‘ஜஸீரா’ என்கிறோமே, அதுவும் ஜஸ்ரோடு ஒரே வேரில் பிறந்த சொல். நயினாதீவும் நெடுந்தீவும் சூழ்ந்த ஊரில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு பொருத்தமாகத் தோன்றியிருக்கும்! ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபூ மஃஷர் சந்திரனுக்கும் வற்றுப்பெருக்குக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அந்த நூலை ஐரோப்பியர் லத்தீனில் பெயர்த்துப் படித்தார்கள். அந்த இழுவைக்கு ஈர்ப்பு விசையே காரணம் என்று 1687இல் நியூட்டன் விளக்கினார். உம்மும்மாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ஆனால் அவர்கள் ஏட்டில் எழுதியதை இவர் மீன் சட்டியில் அறிந்திருந்தார்.

உம்மும்மா 2001இல் புத்தளத்திலேயே மவுத்தானார். அடுத்த ஆண்டு பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்தைப் பார்த்து வந்தோம். 2009க்குப் பின்னர் குடும்பத்தோடு திரும்பி, இங்கேயே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். என் பிள்ளைகளும் மாணவிகளில் பலரும் புத்தளத்தில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணக் கடல் அவர்களுக்குப் பண்ணைப் பாலத்தில் மாலைக் காற்று வாங்கும்போது தெரியும் ஒரு காட்சி மட்டுமே. பிறை என்பதோ கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் முடிவாகி வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ஒரு செய்தி.

ஆகவே ஒரு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நாவாந்துறைக் கரைக்குப் போய், வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “அண்ணை, பிறை ஒன்றுக்கு இங்கே எத்தனை மணிக்குத் தண்ணீர் நிரம்பும்?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “உங்கட பிறை ஒண்டு எண்டால் எங்கட அமாவாசைக்கு அடுத்த நாளோ, அதுக்கு அடுத்த நாளோ. வாங்கோ மௌலவி, காட்டுறன்” என்று எழுந்தார். காற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். சோழகமும் வாடையும் தண்ணீரைத் தள்ளும், பிடிக்கும். கணக்கு சொன்ன நேரத்துக்கு முன்னே பின்னே ஆகலாம்.

மாணவிகள் ஒரு தடியில் கோடுகள் கீறிக் கரையோரம் நட்டார்கள். அந்த முதியவரின் பேரப்பிள்ளைகள் அதைக் காவல் காத்தார்கள். ஒரு மாதம் நாள்தோறும் பிறைத் தேதியையும் தண்ணீரின் கோட்டையும் கொப்பியில் எழுதினார்கள். மாத முடிவில், கடல் இருமுறை பெருத்து இருமுறை சிறுத்ததை அந்தப் பக்கங்களில் அவர்களே கண்டார்கள்.

இதெல்லாம் இந்தக் காலத்துக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அன்று பறுவ நாள். ஆனால் ஆழிப்பேரலைக்கும் பறுவத்துக்கும் தொடர்பில்லை. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே காரணம். இங்கே வடமராட்சி கிழக்கில் மணல்காடும் உடுத்துறையும் அழிந்தன. கிழக்கே மருதமுனையிலும் கல்முனையிலும் நமது வீடுகளில் எத்தனை மையித்துகள்! இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள். களுத்துறை போன்ற கரைகளில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. வெறுமையான கடலடியைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடிய ஊர்களும் உண்டு.

அதே சுமாத்ராவுக்கு மேற்கே சிமலூ என்றொரு தீவு. முஸ்லிம்கள் வாழும் தீவு. 1907இல் அங்கே இப்படியோர் அலை வந்து பலர் மாண்டார்கள். அன்று முதல் தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, அதன்பின் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் அலை முதலில் தாக்கிய இடங்களில் ஒன்று அந்தத் தீவு. பல்லாயிரம் பேர் வாழ்ந்த அங்கே இறந்தவர்கள் ஏழு பேர் என்றே பதிவாகியிருக்கிறது. மற்றவர்களை அல்லாஹ்வின் உதவியால் காத்தது வீட்டுக்குள் சொல்லி வந்த கதை.

கடல் எப்போது வற்றும் என்று அறிந்த பிள்ளைக்கே, வற்றக் கூடாத நேரத்தில் அது வற்றினால் மனதில் திடுக்கிடும். அறியாத பிள்ளைக்கு எல்லா வற்றும் வேடிக்கைதான். நமது அடுப்படிக் கணக்கின் அருமை இங்கேதான் இருக்கிறது.

ஆகவே கடலோரத்தில் வாழும் சகோதரிகளே, அடுத்த மாதம் பிறை பிறக்கும் மாலையில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். பிறையைக் கண்ணால் காட்டுங்கள். மறுநாள் அவர்களைக் கரைக்கு அனுப்பும்போது பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்று அங்குள்ள தொழிலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சலாமோ வணக்கமோ சொல்லி, மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட நேரத்தைக் கலண்டரில் அந்தச் சிறிய எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

பிறையையும் கடலையும் ஒன்றோடொன்று இணைத்த வல்ல நாயன், நமது பிள்ளைகளுக்கு அதை வாசிக்கும் கண்ணையும், அயலாரிடம் கேட்டறியும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.